எதிர்ம மாறுவீதம்

எதிர்ம மாறுவீதம் என்பது, ஓர் அளவு கூடும்போது அதனைச் சார்ந்த மற்றோர் அளவு குறைவதைக் குறிக்கும் மாறுவீதம் ஆகும். தொட்டியிலிருந்து நீர் வெளியேறுதல், எரியும் மெழுகுவர்த்தியின் உயரம் குறைதல், மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை தாழ்தல், ஒரு நாட்டின் மக்கள்தொகை சுருங்குதல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். வரைபடத்தில் இது இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் கோடாகத் தோன்றும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "குறை" எனவும் இலங்கைப் பாடநூல்களில் "மறை" எனவும் வழங்கப்படுவது இக்கட்டுரையில் "எதிர்மம்" என ஆளப்படுகிறது.

மாறுவீதத்தைக் கணக்கிடுவதற்குக் கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். விடையில் வரும் கழித்தல் குறிக்குப் பொருள் கூறும் இடத்திலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. மாற்றம் எத்திசையில் நிகழ்கிறது என்பதை மட்டுமே அக்குறி தெரிவிக்கிறது. மாற்றம் எவ்வளவு விரைவானது, அந்த அளவு தற்போது பெரிதா சிறிதா, அம்மாற்றம் நன்மையா தீமையா என்பவற்றை அது தெரிவிப்பதில்லை.

வரையறை

ஓர் அளவின் சராசரி மாறுவீதம் பின்வருமாறு வரையறுக்கப்படுகிறது:

மாறுவீதம் = (இறுதி மதிப்பு − தொடக்க மதிப்பு) ÷ (இறுதி நேரம் − தொடக்க நேரம்)

இங்கு நேரத்திற்குப் பதிலாகத் தொலைவு, உயரம், விலை போன்ற வேறு எந்த மாறியும் இடம்பெறலாம். இறுதி நேரம் எப்போதும் தொடக்க நேரத்திற்குப் பிந்தியது என்பதால், நேரத்தைப் பொறுத்த வீதத்தில் கீழ் எண் நேர்மமாக இருக்கும். எனவே இறுதி மதிப்பு தொடக்க மதிப்பைவிடச் சிறியதாக இருந்தால் மட்டுமே வீதம் எதிர்மமாகும்.

வரைபடத்தில் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வே சராசரி மாறுவீதம் ஆகும். இடைவெளியைச் சிறிதாக்கிக்கொண்டே சென்றால் கிடைக்கும் எல்லை மதிப்பு, கணநேர மாறுவீதம் அல்லது வகைக்கெழு எனப்படும். ஓர் இடைவெளி முழுவதும் வகைக்கெழு எதிர்மமாக இருந்தால், அவ்விடைவெளியில் அச்சார்பு இறங்கு சார்பாகும்.

மாறுவீதத்திற்கு எப்போதும் இரு அலகுகள் சேர்ந்த அலகு உண்டு: நிமிடத்துக்கு லிட்டர், ஆண்டுக்கு ரூபாய், கிலோமீட்டருக்குப் பாகை என்பன போன்றவை. அலகு இல்லாமல் "−3" என்று மட்டும் கூறப்படும் விடைக்கு நடைமுறைப் பொருள் இல்லை.

குறியும் பருமனும்

எதிர்ம மாறுவீதம் ஒன்றில் இரு செய்திகள் அடங்கியுள்ளன.

1. குறி: மாற்றத்தின் திசையைக் காட்டுகிறது. எதிர்மம் எனில் அளவு குறைகிறது.
2. பருமன் (தனி மதிப்பு): மாற்றத்தின் விரைவைக் காட்டுகிறது.

எண்கோட்டில் −20 என்பது −5 ஐ விடச் சிறிய எண். ஆயினும் நிமிடத்துக்கு −20 லிட்டர் என்னும் வீதத்தில் வற்றும் தொட்டி, நிமிடத்துக்கு −5 லிட்டர் என்னும் வீதத்தில் வற்றும் தொட்டியைவிட விரைவாகக் காலியாகும். ஆகவே "எது பெரிய வீதம்?" என்ற கேள்விக்கும் "எது விரைவாகக் குறைகிறது?" என்ற கேள்விக்கும் விடைகள் வேறு வேறு. முதற்கேள்விக்குக் குறியுடன் ஒப்பிட வேண்டும். இரண்டாவது கேள்விக்குத் தனி மதிப்பை ஒப்பிட வேண்டும்.

தமிழில் "குறைகிறது", "இறங்குகிறது", "தேய்கிறது", "வற்றுகிறது" போன்ற வினைச்சொற்கள் கழித்தல் குறியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. எனவே "நீரின் அளவு நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் குறைகிறது" என்றோ, "நீரின் அளவு மாறும் வீதம் நிமிடத்துக்கு −12 லிட்டர்" என்றோ எழுதுவது சரியானது. "நிமிடத்துக்கு −12 லிட்டர் வீதம் குறைகிறது" என்று எழுதினால் குறி இருமுறை எண்ணப்படுகிறது. கண்டிப்பாகப் பொருள் கொண்டால் நீர் கூடுகிறது என்றாகிவிடும்.

எடுத்துக்காட்டுகள்

மாறா வீதம்: மெழுகுவர்த்தி

ஏற்றி 2 மணி நேரம் ஆனபோது ஒரு மெழுகுவர்த்தியின் உயரம் 21 செ.மீ.; 5 மணி நேரம் ஆனபோது 12 செ.மீ. அது சீராக எரிவதாகக் கொண்டால்,

மாறுவீதம் = (12 − 21) ÷ (5 − 2) = −9 ÷ 3 = மணிக்கு −3 செ.மீ.

இதன் பொருள்: ஒவ்வொரு மணி நேரத்திலும் மெழுகுவர்த்தியின் உயரம் 3 செ.மீ. குறைகிறது. இரண்டு மணி நேரத்தில் 6 செ.மீ. உருகியிருக்கும் என்பதால் தொடக்க உயரம் 21 + 6 = 27 செ.மீ. ஆகும்; 27 ÷ 3 = 9 மணி நேரத்தில் அது முழுதும் எரிந்து தீரும்.

உயரம் = 27 − 3 × நேரம் என்னும் சமன்பாட்டில் 10 மணி என இட்டால் விடை −3 செ.மீ. என வரும். சமன்பாடு பிழையற்றது, ஆனால் 9 மணி நேரத்துக்குப் பின் அது மெழுகுவர்த்தியைக் குறிப்பதில்லை. எதிர்ம மாறுவீதம் உள்ள அன்றாடக் கணக்குகளில் அளவு எப்போது சுழியாகிறது என்பதைக் கண்டு, அதற்குள் மட்டுமே சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும்.

மாறும் வீதம்: நீர்த்தொட்டி

அடியில் துளையுள்ள, நேர்ச்சுவர் கொண்ட தொட்டியில் நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது அழுத்தம் மிகுதியாக இருப்பதால் நீர் விரைந்து வெளியேறும். மட்டம் தாழத் தாழ வெளியேற்றம் மெதுவாகும். 100 நிமிடங்களில் காலியாகும் 1,000 லிட்டர் தொட்டியில், எஞ்சியுள்ள நீரின் அளவை (லிட்டரில்) 0.1 × (100 − நேரம்)² எனக் குறிக்கலாம். இதன் கணநேர மாறுவீதம் −0.2 × (100 − நேரம்) ஆகும்.

| நேரம் (நிமிடம்) | நீரின் அளவு (லிட்டர்) | மாறுவீதம் (நிமிடத்துக்கு லிட்டர்) |
|---|---|---|
| 0 | 1,000 | −20 |
| 25 | 562.5 | −15 |
| 50 | 250 | −10 |
| 75 | 62.5 | −5 |
| 100 | 0 | 0 |

இரண்டாம் நிரலில் எண்கள் குறைகின்றன. மூன்றாம் நிரலில் −20 இலிருந்து 0 வரை எண்கள் கூடுகின்றன. அதாவது அளவு குறைந்துகொண்டிருக்கும்போதே அதன் மாறுவீதம் கூடிக்கொண்டிருக்கிறது. "குறைவது மெதுவாகிறது" என்று நடைமுறையில் சொல்லப்படுவது இதுவே. பாதி நேரமான 50 நிமிடங்களில் தொட்டியின் முக்கால் பங்கு நீர் வெளியேறிவிடுவதையும் அட்டவணையில் காணலாம். முதல் 50 நிமிடங்களின் சராசரி வீதம் (250 − 1,000) ÷ 50 = −15; அடுத்த 50 நிமிடங்களின் சராசரி வீதம் (0 − 250) ÷ 50 = −5 ஆகும்.

நிகர வீதம்: நீர்த்தேக்கம்

நீர் வந்துகொண்டும் வெளியேறிக்கொண்டும் இருக்கும் நீர்த்தேக்கத்தில் இருப்பின் மாறுவீதம், நீர்வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்துப் பெறப்படும் நிகர வீதமாகும். காவிரியின் குறுக்கே கட்டப்பட்டு 1934ஆம் ஆண்டு நிறைவுற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). அணைக்கு நீர்வரத்து விநாடிக்கு 5,000 கன அடியாகவும் வெளியேற்றம் விநாடிக்கு 12,000 கன அடியாகவும் இருப்பதாகக் கொள்வோம்.

நிகர வீதம் = 5,000 − 12,000 = விநாடிக்கு −7,000 கன அடி

ஒரு நாளில் 86,400 விநாடிகள் உள்ளதால், ஒரு நாளில் இருப்பின் மாற்றம் −7,000 × 86,400 = −60.48 கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ −0.6 டி.எம்.சி. ஆகும். அணையில் 40 டி.எம்.சி. நீர் இருந்தால், இதே நிலை நீடிக்கும்வரை, ஆவியாதலைக் கணக்கில் கொள்ளாமல், அந்நீர் ஏறத்தாழ 66 நாட்களுக்கு வரும்.

நாளிதழ்களில் அணையின் நீர்வரத்து, வெளியேற்றம், நீர்மட்டம் மூன்றும் அடுத்தடுத்துத் தரப்படுகின்றன. இவற்றுள் நீர்வரத்து குறைவதும் நீர்மட்டம் குறைவதும் வெவ்வேறு செய்திகள். நீர்வரத்து 30,000 கன அடியிலிருந்து 20,000 கன அடியாகக் குறைந்து, வெளியேற்றம் 12,000 கன அடியாகவே நீடித்தால், நிகர வீதம் +18,000 இலிருந்து +8,000 ஆகிறது. வீதம் சரிந்தாலும் அது நேர்மமாகவே உள்ளது; ஆகவே நீர்மட்டம் தொடர்ந்து உயரும், ஆனால் முன்னைவிட மெதுவாக உயரும். நீர்வரத்து வெளியேற்றத்தைவிடக் குறையும்போதுதான் நிகர வீதம் சுழியைக் கடந்து எதிர்மமாகும்.

இருப்பின் மாறுவீதமும் மட்டத்தின் மாறுவீதமும் ஒன்றல்ல. நீர்ப்பரப்பு கீழே செல்லச் செல்லக் குறுகுவதால், அதே 0.6 டி.எம்.சி. நீர் வெளியேறும்போது, அணை நிறைந்திருக்கையில் மட்டம் சிறிதளவே இறங்கும். நீர் குறைந்திருக்கையில் மிகுதியாக இறங்கும்.

உயரத்தைப் பொறுத்த வீதம்: காற்றின் வெப்பநிலை

பன்னாட்டுச் செந்தர வளிமண்டல மாதிரியில் கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 °செ எனவும், 11 கி.மீ. உயரம் வரை வெப்பநிலையின் மாறுவீதம் கிலோமீட்டருக்கு −6.5 °செ எனவும் கொள்ளப்படுகிறது. எனவே 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை 15 − 71.5 = −56.5 °செ ஆகும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் வெப்பநிலை கடல் மட்டத்தில் இருப்பதைவிட 14 முதல் 15 பாகை வரை குறைவாக இருக்கும் என இம்மாதிரி கணிக்கிறது. உண்மையான வெப்பநிலை காற்று, மேகம், ஈரப்பதம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து இதிலிருந்து மாறுபடும்.

மலையிலிருந்து இறங்குபவருக்கு வெப்பம் கூடுகிறதே, அப்போது வீதம் நேர்மமாகாதா என்ற ஐயம் எழலாம். உயரத்தைப் பொறுத்த வீதம் மாறுவதில்லை. ஒரு கி.மீ. இறங்கும்போது வெப்பநிலை மாற்றம் +6.5, உயர மாற்றம் −1, ஆகவே வீதம் +6.5 ÷ (−1) = −6.5 ஆகவே உள்ளது. ஏறினாலும் இறங்கினாலும் அது மலையின் பண்பு. பயணியின் பண்பு அன்று.

நேரத்தைப் பொறுத்த வீதம் பயணத்தின் திசையைச் சார்ந்தது. மணிக்கு 1 கி.மீ. என்னும் வீதத்தில் உயரம் கூடும் பேருந்தில், வெளிக்காற்றின் வெப்பநிலை மணிக்கு (−6.5) × (+1) = −6.5 °செ வீதத்தில் மாறும். அதே வேகத்தில் இறங்கும் பேருந்தில் (−6.5) × (−1) = +6.5 °செ வீதத்தில் மாறும். இரு எதிர்ம எண்களின் பெருக்கற்பலன் நேர்மம் என்னும் விதிக்கு அன்றாட வாழ்விலிருந்து கிடைக்கும் இயல்பான விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

மக்கள்தொகை

சப்பானின் மக்கள்தொகை 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12,80,57,352, 2015இல் 12,70,94,745, 2020இல் 12,61,46,099.

- 2010–2015: மாற்றம் −9,62,607, சராசரி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ −1,92,521 பேர்.
- 2015–2020: மாற்றம் −9,48,646, சராசரி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ −1,89,729 பேர்.

இரண்டாம் ஐந்தாண்டில் வீதம் சிறிது கூடியுள்ளது. ஆனால் மக்கள்தொகை கூடவில்லை. சற்றே மெதுவாகக் குறைந்தது. "வீதம் கூடியது" என்பதை மட்டும் படிப்பவர், மக்கள்தொகை மீண்டும் வளரத் தொடங்கிவிட்டதாகத் தவறாகக் கருதக்கூடும்.

இதற்கு மறுதலையான நிலையை இந்தியாவில் காணலாம். 1991–2001 பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை வளர்ச்சி 21.5 விழுக்காடாகவும், 2001–2011 பத்தாண்டில் 17.7 விழுக்காடாகவும் இருந்தது. வளர்ச்சி வீதம் குறைந்தது; மக்கள்தொகையோ இரண்டாவது பத்தாண்டில் 102.87 கோடியிலிருந்து 121.09 கோடியாக உயர்ந்தது. முந்தைய பத்தாண்டிலும் கூடுதல் ஏறத்தாழ 18.2 கோடியே, அடிப்படை எண்ணிக்கை பெருகியதால் விழுக்காடு மட்டும் குறைந்தது. குறையும் வளர்ச்சி வீதத்தை எதிர்ம வளர்ச்சி வீதம் எனக் கொள்வது மக்கள்தொகை, விலைவாசி, பொருளாதார வளர்ச்சி பற்றிய செய்திகளில் அடிக்கடி நேரும் பிழையாகும். பணவீக்கம் 8 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தால் விலைகள் இறங்குவதில்லை; ஏறும் விரைவு மட்டுமே குறைகிறது. பணவீக்கம் எதிர்மமானால்தான் விலைகள் இறங்கும். அந்நிலை பணவாட்டம் எனப்படும்.

திசைவேகமும் முடுக்கமும்

இடப்பெயர்ச்சியின் மாறுவீதம் திசைவேகம். திசைவேகத்தின் மாறுவீதம் முடுக்கம். எதிர்மத் திசைவேகம் என்பது மெதுவான இயக்கம் அன்று. நேர்மமெனத் தேர்ந்த திசைக்கு எதிர்த்திசையில் இயங்குதல் ஆகும். வீட்டிலிருந்துள்ள தொலைவு அளக்கப்படும்போது, வீடு திரும்பும் மிதிவண்டியின் தொலைவு மணிக்கு −12 கி.மீ. வீதத்தில் மாறலாம், வேகமானி காட்டுவது 12 மட்டுமே.

விநாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் செங்குத்தாக மேலே எறியப்படும் பந்தைக் கருதுக. காற்றின் தடையைப் புறக்கணித்து, மேல்நோக்கிய திசையை நேர்மமாகக் கொண்டால், முடுக்கம் எப்போதும் −9.8 மீ/வி² ஆகும். 2 விநாடிகளில் திசைவேகம் சுழியாகி, பந்து 19.6 மீட்டர் உயரத்தை அடைகிறது. 4 விநாடிகளில் −19.6 மீ/வி திசைவேகத்துடன் எறிந்த இடத்துக்குத் திரும்புகிறது. முதல் 2 விநாடிகளில் பந்தின் வேகம் குறைகிறது. அடுத்த 2 விநாடிகளில் வேகம் கூடுகிறது. இரண்டிலும் முடுக்கம் ஒரே எதிர்ம மதிப்பைக் கொண்டது. ஆகவே "எதிர்ம முடுக்கம் என்றால் வேகம் குறைதல்" என்னும் விதி பொதுவானதன்று. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி உடையனவாயின் வேகம் கூடும்; வெவ்வேறு குறி உடையனவாயின் வேகம் குறையும்.

பொதுவான குழப்பங்கள்

எதிர்ம மதிப்பும் எதிர்ம வீதமும்

அளவு எதிர்மமாக இருப்பதற்கும் அதன் வீதம் எதிர்மமாக இருப்பதற்கும் தொடர்பில்லை. பனிப்பகுதி ஒன்றில் காலை 5 மணிக்கு வெப்பநிலை −12 °செ, 9 மணிக்கு −4 °செ எனில், வீதம் (−4 − (−12)) ÷ 4 = மணிக்கு +2 °செ. மதிப்புகள் இரண்டும் எதிர்மம், வீதம் நேர்மம்.

சாக்கடலின் நீர்மட்டம் இரண்டும் எதிர்மமாக உள்ள நிலைக்கு எடுத்துக்காட்டாகும். 2010களின் நடுப்பகுதியில் அது கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 430 மீட்டர் கீழே, அதாவது −430 மீட்டரில் இருந்தது. சோர்தான் ஆற்றின் நீர் திருப்பிவிடப்படுவதாலும், கனிமங்களைப் பிரித்தெடுக்க நீர் ஆவியாக்கப்படுவதாலும், அம்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ −1 மீட்டர் வீதத்தில் மாறி வந்துள்ளது. இதே வீதம் நீடித்தால் 10 ஆண்டுகளில் மட்டம் −430 இலிருந்து −440 மீட்டர் ஆகும். இங்கு எண்ணின் பருமன் கூடுகிறது, மட்டமோ தாழ்கிறது.

விழுக்காட்டு வீதங்கள்

100 ரூபாய் விலையுள்ள ஒரு பங்கு 20 விழுக்காடு இறங்கினால் 80 ரூபாய் ஆகும். அதன்பின் 20 விழுக்காடு ஏறினால் 96 ரூபாயே ஆகும். பழைய விலையை அடைய 25 விழுக்காடு ஏற வேண்டும். −20 விழுக்காடும் +20 விழுக்காடும் ஒன்றையொன்று நீக்குவதில்லை. இரண்டும் வெவ்வேறு அடிப்படைத் தொகைகளின் மீது கணக்கிடப்படுகின்றன.

நன்மை, தீமை

அன்றாடப் பேச்சில் "எதிர்மறை" என்பது தீயதைக் குறிப்பதால், எதிர்ம வீதமும் தீயது என எண்ணப்படுவதுண்டு. வங்கிக் கடனின் நிலுவை, நோயாளியின் காய்ச்சல், நோய்த்தொற்று எண்ணிக்கை ஆகியன எதிர்ம வீதத்தில் மாறுவது விரும்பத்தக்கது. மதிப்பீடு அளவின் தன்மையைப் பொறுத்தது, குறியைப் பொறுத்ததன்று.

குறியை நீக்கும் மரபுகள்

சில துறைகளில், அளவு எப்போதும் குறைவதாகவே இருப்பதால், வரையறையிலேயே ஒரு கழித்தல் குறி சேர்க்கப்பட்டு நேர்ம எண்ணாகக் கூறப்படுகிறது.

- வானிலையியலில் வெப்பநிலைக் குறைவு வீதம் கிலோமீட்டருக்கு 6.5 °செ என நேர்ம எண்ணாகக் கூறப்படுகிறது. உயரம் கூடும்போது வெப்பநிலையும் கூடும் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றத்தின்போது இவ்வீதம் எதிர்மமாகும். இங்கு எதிர்மக் குறி "கூடுகிறது" என்னும் பொருளைத் தருகிறது.
- வேதியியலில் வினையின் வீதம், வினைபடுபொருளின் செறிவு மாறுவீதத்தின் குறியை மாற்றி நேர்மமாக எழுதப்படுகிறது.
- கதிரியக்கச் சிதைவில் அணுக்களின் எண்ணிக்கை மாறும் வீதம் = −(சிதைவு மாறிலி) × (அணுக்களின் எண்ணிக்கை). மாறிலி நேர்மமானது, குறி தனியே எழுதப்படுகிறது. அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகளாக உள்ள கார்பன்-14 இன் சிதைவு மாறிலி ஆண்டுக்கு ஏறத்தாழ 0.000121 ஆகும்.
- கணக்குப்பதிவியலில் 40,000 ரூபாய் மதிப்புள்ள கணினி 5 ஆண்டுகளில் சீராக மதிப்பிழந்தால், அதன் மதிப்பு ஆண்டுக்கு −8,000 ரூபாய் வீதத்தில் மாறுகிறது. ஏடுகளில் "தேய்மானம் 8,000" எனப் பதியப்படுகிறது.
- பொருளியலில் விலை ஏறும்போது தேவை குறைவதால் தேவையின் விலை நெகிழ்ச்சி பொதுவாக எதிர்மமாகும். எனினும் பல நூல்கள் அதன் தனி மதிப்பை மட்டும் தருகின்றன.

எனவே ஓர் எண்ணைப் படிக்கும் முன், அத்துறையில் குறி எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என அறிதல் தேவை.

வரலாறு

சீன நூலான "ஒன்பது இயல்கள்" என்பதற்கு கி.பி. 263இல் உரை எழுதிய லியூ உய், நேர்ம எண்களுக்குச் சிவப்புக் குச்சிகளும் எதிர்ம எண்களுக்குக் கறுப்புக் குச்சிகளும் பயன்படுவதைக் குறிப்பிட்டார். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தமது பிராமசுபுட சித்தாந்தத்தில் நேர்ம எண்களைத் தனம் (செல்வம்) எனவும் எதிர்ம எண்களை ருணம் (கடன்) எனவும் அழைத்து, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகளை வகுத்தார்.

14ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம், மாறும் ஓர் அளவை ஒரு கிடைக்கோட்டின் மீது எழுப்பிய செங்குத்துக் கோடுகளின் உயரங்களால் காட்டினார். இம்முறையில் குறையும் அளவு ஒரு சரிவாகக் கண்ணுக்குத் தெரிந்தது. லைப்னிட்ஸ் 1684இல் வெளியிட்ட தமது முதல் நுண்கணிதக் கட்டுரையில், அளவுகள் குறையும்போது அவற்றின் நுண்மாற்றம் எதிர்மமாகும் எனவும், மீப்பெரு, மீச்சிறு இடங்களில் அது சுழியாகும் எனவும் கூறினார்.

அளவுகோலின் திசையே குறியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு வெப்பமானியின் வரலாறு சான்றாகும். சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்சு செல்சியசு 1742இல் முன்மொழிந்த அளவுகோலில் நீரின் கொதிநிலை 0 எனவும் உறைநிலை 100 எனவும் அமைந்திருந்தன. அதன்படி, அடுப்பில் சூடேறும் நீரின் வெப்பநிலை எதிர்ம வீதத்தில் மாறும். 1744இல் அவர் இறந்த பின்னர் அளவுகோல் தலைகீழாக்கப்பட்டுத் தற்போதைய வடிவம் வழக்கிற்கு வந்தது. நீர் சூடாகும் நிகழ்வு மாறவில்லை. அதன் வீதத்தின் குறி மட்டுமே மாறியது.

கணக்குகளை அணுகும் முறை

1. எந்த அளவு, எதனைப் பொறுத்து மாறுகிறது என்பதை முதலில் எழுதுக.
2. எத்திசை நேர்மம் எனக் கொள்ளப்படுகிறது என்பதை முடிவு செய்க.
3. மேல் எண்ணிலும் கீழ் எண்ணிலும் ஒரே வரிசையில் (இறுதி − தொடக்கம்) கழிக்க. ஒன்றில் மட்டும் வரிசை மாறினால் குறி தவறாகும்.
4. விடையை அலகுடன் எழுதுக.
5. விடையை ஒரு முழு வாக்கியமாகச் சொல்க. கழித்தல் குறி, "குறைகிறது" என்னும் வினை ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துக.
6. வீதம் மாறாததா, சராசரியா, கணநேர மதிப்பா என்பதைக் குறிப்பிடுக.
7. அளவு எதுவரை குறைய இயலும் என்பதைக் கண்டு, விடை அந்த எல்லைக்குள் உள்ளதா எனச் சரிபார்க்க.

இவற்றுள் ஐந்தாம் படி பெரும்பாலும் விடுபடுகிறது. மணிக்கு −3 செ.மீ. என்பது கணக்கின் விடை, "ஒவ்வொரு மணி நேரத்திலும் மெழுகுவர்த்தியின் உயரம் 3 செ.மீ. குறைகிறது" என்பதே கேள்வியின் விடை.

இவற்றையும் பார்க்க

- எதிர்ம எண்
- சாய்வு
- வகைக்கெழு
- திசைவேகம்
- முடுக்கம்
- அரைவாழ்வுக் காலம்
- தேய்மானம்